பதின்மூன்று கோடி அலைகள்

ஐப்பசி மாதத்து மழை இரவு. கோவைக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு நூற்பாலை. மணி இரண்டைத் தாண்டிவிட்டது. மூன்றாவது ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. வரிசையாக நிற்கும் ரிங் ஃப்ரேம்கள் ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேல் கதிர்கள். ஒவ்வொரு கதிரும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,000 சுற்று சுற்றுகிறது. பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமானால் காதருகே குனிய வேண்டும்.

எங்கோ தொலைவில் ஒரு மின்னல். ஷெட்டில் விளக்குகள் ஒருமுறை சிமிட்டுகின்றன, அவ்வளவுதான். ஆனால் அடுத்த கணமே ஷெட்டின் சத்தம் மாறுகிறது. நான்கைந்து ஃப்ரேம்கள் வேகம் குறைந்து நிற்கின்றன. கம்ப்ரசர் நின்றுபோகிறது. காற்றழுத்தம் இறங்க இறங்க ஆட்டோகோனர்களும் ஒவ்வொன்றாக ஓய்கின்றன.

“என்னங்க அண்ணா ஆச்சு?” என்று ஓடி வருகிறார் சூப்பர்வைசர்.

“டிப்புங்க. ஒரு சிமிட்டுத்தான்” என்கிறார் ஷிப்ட் எலக்ட்ரீஷியன், பேனலை நோக்கி நடந்தபடியே.

அந்த ஒரு சிமிட்டுக்குப் பிறகு, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டி, எல்லா ஃப்ரேம்களும் பழைய வேகத்துக்கு வருவதற்குள் விடிந்துவிடலாம். மில்லில் இரவு ஷிப்ட் பார்த்த எவரும் இதைச் சொல்வார்கள். ஆனால் மாதக் கடைசியில் வரும் கரண்ட் பில்லில் இந்த இரவைத் தேடினால் கிடைக்காது.

ஏன் கிடைக்காது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைபாய்கிறது. ஓர் அலைக்கு 20 மில்லிசெகண்ட். 30 நாள் கொண்ட மாதத்தில் 12 கோடியே 96 லட்சம் அலைகள். சுமாராகப் பதின்மூன்று கோடி. அந்த இரவின் டிப், அதாவது மின்னழுத்தச் சரிவு, 80 மில்லிசெகண்ட் நீடித்திருந்தால் அது நான்கே அலைகள். பதின்மூன்று கோடியில் நான்கு அலைகள் கெட்டதற்கு மில் பல மணி நேர உற்பத்தியை இழந்தது. பில்லோ எல்லா அலைகளையும் கூட்டி ஒரே தாளில் முடித்துவிடுகிறது.

ஓர் ஆலையின் மின்சாரத்தைக் கண்காணிப்பது என்றால், அந்தத் தாளை மறுபடி பிரித்துப் பார்ப்பது: மாதத்தை அரைமணிகளாக, அரைமணியை நொடிகளாக, நொடியை அலைகளாக, கடைசியில் ஓர் அலையின் வடிவம் வரைக்கும். ஒவ்வொரு படியிலும் வேறொரு நோய் ஒளிந்திருக்கிறது.

சுழலும் தட்டு சொல்லாத செய்தி

1889-ல் புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓட்டோ பிளாத்தி, மாறுதிசை மின்சாரத்தை அளக்கும் தூண்டல் மீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீட்டுச் சுவரில் அண்மைக்காலம் வரை கறுப்புப் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த அலுமினியத் தட்டு அந்த வழியில் வந்ததுதான். ஒரு சுருளில் மின்னழுத்தம், இன்னொன்றில் மின்னோட்டம். இரண்டின் காந்தப்புலமும் சேர்ந்து தட்டைச் சுழற்றும். செலவாகும் திறன் கூடினால் தட்டின் வேகமும் கூடும். பல்சக்கரங்கள் சுற்றுகளை எண்ணி யூனிட்டாகக் காட்டும்.

நூறாண்டுக்கு மேல் உலகம் முழுக்க மின்சாரம் விற்கவும் வாங்கவும் இந்தத் தட்டு போதுமானதாக இருந்தது. எவ்வளவு செலவானது என்று அது நேர்மையாகச் சொல்லும். எப்போது செலவானது, எப்படிச் செலவானது என்று மட்டும் சொல்லாது.

இன்றைய மின்னணு மீட்டரில் சுழலும் பாகமே இல்லை. அது அழுத்தத்தையும் ஓட்டத்தையும் கணத்துக்குக் கணம் அளந்து எண்களாக்குகிறது. மின்தரத்தை அளப்பதற்கென்றே செய்த கருவி ஓர் அலையை 256 இடங்களில் தொட்டுப் பார்த்தால், நொடிக்கு 12,800 அளவீடுகள் ஆகின்றன. எண்ணிக்கையை மட்டும் காட்டிய மீட்டர் இப்போது அலையின் படத்தையே வரைந்து காட்டுகிறது.

அரைமணியின் விலை

முதலில் மாதத்தை அரைமணிகளாகப் பிரிப்போம். 30 நாளுக்கு 1,440 அரைமணிகள். உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலை, செலவழித்த யூனிட்டுக்குப் பணம் கட்டுவதோடு, அந்த மாதத்தில் தொட்ட உச்சத் தேவைக்கும் பணம் கட்டுகிறது. மில்லில் எல்லோரும் இதை எம்.டி. என்பார்கள். மீட்டர் 15 அல்லது 30 நிமிடச் சராசரிகளை எடுத்துக்கொண்டே போகும். அவற்றில் எது மிகப் பெரியதோ அதுவே அந்த மாதத்தின் எம்.டி.

இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் உண்டு. மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மரும் கம்பியும் உங்கள் உச்சத்தைத் தாங்கும் அளவுக்குப் போடப்பட்டவை. கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் உட்காரும் மண்டபம் பிடித்துவிட்டு, சராசரியாக முந்நூறு பேர்தான் இருந்தார்கள் என்று வாடகையைக் குறைக்கச் சொல்ல முடியாது.

ஆலைக்கு எந்த நேரத்தில் உச்சம் வருகிறது? பெரும்பாலும் மின்தடை முடிந்து கரண்ட் திரும்பிய பிறகு. நின்றுபோன உற்பத்தியைப் பிடிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். கம்ப்ரசர்கள், ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் விசிறிகள், கார்டிங், ரிங் ஃப்ரேம் எல்லாம் அடுத்தடுத்து ஏறும். அந்த ஒரே அரைமணி 1,440-ல் ஒன்றாக நின்று மாதம் முழுவதற்கும் விலை வைத்துவிடும். அரைமணிக்கு ஒரு புள்ளியாக வரைபடம் வைத்திருக்கும் ஆலைக்கு இது கண்ணெதிரே தெரியும். எந்தப் பிரிவை முதலில் ஏற்றுவது, எதைப் பத்து நிமிடம் தள்ளிப் போடுவது என்று ஒரு பட்டியலைப் பேனலில் ஒட்டினாலே போதும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

அந்த அரைமணிகளை உற்பத்தியோடு சேர்த்துப் படிப்பது அடுத்த படி. நூற்பாலைகளில் இதற்கு யூ.கே.ஜி. என்று பெயர்: ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட். மெல்லிய நூலுக்கு அதிகம், தடித்த நூலுக்குக் குறைவு என்பதால், எந்த நம்பர் நூற்றாலும் அதை 40-ஆம் நம்பருக்கு மாற்றி ஒப்பிடுவார்கள். 1956-ல் கோவையில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், நம் மில்காரர்கள் வாயில் ‘சிட்ரா’, இப்படி ஆலைக்கு ஆலை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை ஊன்றியதில் பெரும்பங்கு வகித்தது. நாளுக்கு 10,000 கிலோ நூற்கும் ஆலையில் கிலோவுக்கு 0.1 யூனிட் குறைந்தால், ஒரு நாளில் 1,000 யூனிட் மிச்சம்.

எங்கே குறைப்பது? காற்றைத் தள்ளும் விசிறி நல்ல இடம். விசிறியின் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகத்தை 80 சதவீதமாக்கினால் திறன் ஏறத்தாழ 51 சதவீதம் போதும். இரவில் குளிர்ந்த காற்றுக்குப் பகல் வேகம் தேவையில்லை என்று வரைபடம் காட்டிக் கொடுக்கும்போது, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு டிரைவைப் பொருத்திப் பாதிச் செலவை மிச்சப்படுத்தலாம். அந்த டிரைவே இன்னொரு சிக்கலைக் கூட்டி வரும்; அதற்குக் கொஞ்சத்தில் வருகிறேன்.

கைமாற்று மின்சாரம்

இப்போது அரைமணியை விட்டு ஓர் அலைக்குள் நுழைவோம்.

மோட்டாரின் சுருளுக்குக் காந்தப்புலம் வேண்டும். அலையின் ஒரு கால்பகுதியில் அது கம்பியிலிருந்து ஆற்றலை வாங்கிப் புலத்தை எழுப்புகிறது. அடுத்த கால்பகுதியில் புலம் சரிய, வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. நொடிக்கு நூறு முறை இந்தக் கைமாற்று நடக்கிறது. கடனும் இல்லை, வட்டியும் இல்லை, யூனிட் கணக்கிலும் இது ஏறாது. ஆனால் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் அதே கம்பி வழியாகத்தான். கம்பி சூடாகிறது; டிரான்ஸ்ஃபார்மரில் இடம் அடைபடுகிறது.

உண்மையில் வேலை செய்த திறனுக்கும் கம்பி சுமந்த மொத்தத்துக்கும் உள்ள விகிதமே பவர் ஃபேக்டர். 800 கிலோவாட் வேலைக்குப் பவர் ஃபேக்டர் 0.80 என்றால் கம்பி 1,000 கே.வி.ஏ. சுமக்கிறது. 0.98 ஆக்கினால் 816 போதும். கம்பியின் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் அந்த இழப்பில் மூன்றில் ஒரு பங்கு அற்றுப்போகிறது. தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்பின் சராசரி பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் அபராதமும் உண்டு.

கைமாற்றைத் தொலைவிலிருக்கும் துணைமின் நிலையத்தில் வாங்காமல் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடுதான் கெபாசிட்டர். மோட்டார் கேட்கும் நேரத்தில் அது கொடுக்கும். மோட்டார் திருப்பும் நேரத்தில் வாங்கிக்கொள்ளும். அதனால் எல்லா மில்லிலும் ஒரு கெபாசிட்டர் பேனல் இருக்கிறது. பல ஆண்டுகள் அது சாதுவாக வேலை செய்தது. டிரைவ்கள் வந்த பிறகுதான் அது உப்பவும் வெடிக்கவும் தொடங்கியது.

தம்பூராவில் இனிமை, மோட்டாரில் சூடு

தம்பூராவின் ஒரு நரம்பை மீட்டினால் காதில் விழுவது ஒரு சுரம் மட்டுமல்ல. அதன் இருமடங்கு, மும்மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921-ல் தம்பூரா, வீணை நரம்புகளின் இந்த மேற்சுரங்களை ஆராய்ந்து எழுதினார். எவ்வளவு கோணலான அலையையும் இப்படிச் சுத்தமான அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்ற கணிதத்தை 1822-ல் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியே, வெப்பம் பரவும் விதத்தைப் பற்றிய தம் நூலில் தந்தார். மின்பொறியாளர்கள் இந்த மேற்சுரங்களை ஹார்மோனிக்ஸ் என்கிறார்கள்.

சாதாரண மோட்டார் மின்சாரத்தை வழுவழுப்பான அலையாக எடுத்துக்கொள்கிறது. டிரைவ் அப்படி எடுப்பதில்லை. உள்ளே வரும் மாறுதிசை மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்க வேண்டும். அதற்காக அலையின் உச்சியில் மட்டும் இரண்டு கடி கடித்துக்கொள்கிறது. அந்தக் கடிபட்ட மின்னோட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸோடு ஐந்தாவது மேற்சுரமான 250, ஏழாவதான 350, பிறகு 11-ஆவதும் 13-ஆவதும் தெரிகின்றன.

தம்பூராவுக்கு மேற்சுரம் அழகு. மோட்டாருக்கோ சூடு. ஐந்தாவது மேற்சுரம் உண்டாக்கும் காந்தப்புலம் மோட்டார் சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்றுகிறது. முன்னே ஓடுபவரைப் பின்னாலிருந்து யாரோ இழுப்பது போல. கெபாசிட்டரின் பாடு இன்னும் மோசம். அதிர்வெண் கூடக் கூட அதன் தடை குறையும். 250 ஹெர்ட்ஸுக்கு அது ஐந்தில் ஒரு பங்குத் தடைதான் காட்டும். ஆலையில் திரியும் மேற்சுரங்கள் எல்லாம் வழி கிடைத்தது என்று அதற்குள் பாய்கின்றன.

இதிலும் கொடியது ஒத்ததிர்வு. ஊஞ்சல் தன் போக்கில் ஆடும் வேகத்துக்குச் சரியாகத் தள்ளிவிட்டால், சின்னத் தள்ளலுக்கே உயரமாகப் போகும். டிரான்ஸ்ஃபார்மரும் கெபாசிட்டரும் சேர்ந்து அப்படி ஓர் ஊஞ்சல். 1,000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். அதன் உள்தடை 5 சதவீதம் என்றால் குறுக்குமின் திறன் 20,000 கே.வி.ஏ. கெபாசிட்டர் 400 கே.வி.ஏ.ஆர். என்று வையுங்கள். 20,000-ஐ 400-ஆல் வகுத்தால் 50. அதன் வர்க்கமூலம் 7-க்கு ஒரு மயிரிழை அதிகம். ஏழாவது மேற்சுரம் ஊஞ்சலைச் சரியாகத் தள்ளும் இடம் இதுதான். பவர் ஃபேக்டரை உயர்த்துவோம் என்று கெபாசிட்டரை 800 ஆக்கினால் விடை 5. இப்போது ஐந்தாவது வந்து தள்ளும்.

இன்றைய தானியங்கிப் பேனல்கள் தேவைக்கேற்பக் கெபாசிட்டர்களைப் படிப்படியாகச் சேர்க்கும், கழற்றும். ஒவ்வொரு படியிலும் ஊஞ்சலின் வேகம் மாறுகிறது. ஆகவே பகல் பதினொரு மணிக்கு அளந்துவிட்டு எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுப் போனவர் பொய் சொல்லவில்லை. ஆபத்தான படி அதிகாலை மூன்று மணிக்கு வந்து போயிருக்கும். ஒரு வாரம் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியால்தான் அதைப் பிடிக்க முடியும். பிடித்தபின் வைத்தியம் எளிது. கெபாசிட்டரோடு 7 சதவீத ரியாக்டர் ஒன்றைத் தொடரில் இணைத்தால் அந்தக் கிளை 189 ஹெர்ட்ஸுக்கு இசைந்துவிடும். ஐந்தாவது மேற்சுரத்துக்குக் கீழே ஊஞ்சல் ஒதுங்கிவிடுகிறது. தள்ள அங்கே யாருமில்லை.

இது ஒரு மில்லோடு முடியும் விஷயமும் இல்லை. நீங்கள் கெடுத்த அலை அதே ஃபீடரில் இருக்கும் பக்கத்து ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறது. அதனால்தான் மத்திய மின்சார ஆணையம் 2007-ல் வெளியிட்ட கிரிட் இணைப்பு விதிகள், இணைப்புப் புள்ளியில் மின்னழுத்தக் கோணல் 5 சதவீதத்தையும் மின்னோட்டக் கோணல் 8 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்று எல்லை வைத்தன.

அந்த நான்கு அலைகள்

மழை இரவுக்குத் திரும்புவோம். மின்னலோ மரக்கிளையோ ஒரு கம்பியைத் தரையோடு சேர்க்கும்போது அங்கே பெரும் மின்னோட்டம் பாய்கிறது. பிரேக்கர் அதைத் துண்டிக்கும் வரை அதே துணைமின் நிலையத்தைச் சார்ந்த எல்லா ஃபீடர்களிலும் அழுத்தம் சரிகிறது. உங்கள் கம்பியில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் உங்கள் ஆலை தவிக்கிறது.

பெரிய மோட்டாருக்கு நான்கு அலைகள் பெரிதல்ல. சுழற்சியின் வேகத்திலேயே அது கடந்துவிடும். நிற்பதற்குக் காரணம் மோட்டாரை இயக்கும் சுவிட்சான உள்ளங்கையளவு கான்டாக்டர். அழுத்தம் பாதி அளவுக்கு இறங்கினால் அதன் சுருளால் இரும்பைப் பிடித்துவைக்க முடியாது. ‘டக்’ என்று விட்டுவிடும். நூறு குதிரைத்திறன் மோட்டாரை நிறுத்துவது சில வாட் குடிக்கும் ஒரு சுருள்.

டிப்பின் ஆழம், நீளம், நேரம் மூன்றையும் பதிவு செய்த ஆலைக்கு இது தெரிந்துவிடும். முழு மில்லுக்கும் கோடிக்கணக்கில் யு.பி.எஸ். போட வேண்டியதில்லை, கன்ட்ரோல் சர்க்யூட்டுக்கு மட்டும் ஒரு சின்ன ஆதரவு கொடுத்தால் பெரும்பாலான டிப்கள் தெரியாமலே கடந்துவிடும். யார் பக்கம் கோளாறு என்ற சண்டையும் தீரும். அழுத்தம் விழுந்த அதே கணத்தில் மின்னோட்டம் பலமடங்கு எகிறியிருந்தால் கோளாறு ஆலைக்குள். இல்லையென்றால் வெளியே தேட வேண்டும்.

மீட்டரையும் சோதியுங்கள்

கருவி வாங்கி மாட்டியதோடு உண்மை வந்துவிடாது. மூன்று பேஸிலும் மின்னோட்டத்தை அளக்க மூன்று சி.டி.க்கள் மாட்டுவார்கள். வளையம் போன்ற ஒரு சின்னப் பொருள். அதன் மேல் அம்புக்குறி இருக்கும். மூன்றில் ஒன்றைத் திருப்பி மாட்டிவிட்டால் அந்தப் பேஸ் கழித்தல் கணக்காகிவிடும். ஒன்றும் ஒன்றும் இரண்டு. அதில் ஒன்று போக மிச்சம் ஒன்று. மூன்று யூனிட் ஓடினால் மீட்டர் ஒரு யூனிட் காட்டும். அந்தப் பிரிவில் மின்சாரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாக அறிக்கையில் ஏறும், பாராட்டும் கிடைக்கும். ஆகவே உள்மீட்டர்கள் எல்லாவற்றையும் கூட்டி மெயின் மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தினசரி வேலையாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை வைத்தால் ஒரு மாதத் தவறு சேர்ந்துவிடும்.

எண்ணை எழுதுபவரை அந்த எண்ணைப் படிக்கவும் பழக்க வேண்டும். லாக் புத்தகத்தில் மணிக்கு மணி ரீடிங் ஏறுகிறது. மூன்று பேஸ் அழுத்தம் 415, 413, 398 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் பேனா நகர்கிறது. அந்த 398 ஒரு செய்தி. இந்த மூன்றின் சராசரி 409-க்குக் கொஞ்சம் குறைவு; 398 அதிலிருந்து ஏறத்தாழ 2.6 சதவீதம் விலகி நிற்கிறது. இந்த அளவு ஏற்றத்தாழ்வு மோட்டாரின் சூட்டை ஏறத்தாழ 14 சதவீதம் கூட்டும். சூடு பத்து டிகிரி கூடினால் சுருளின் காப்பு பாதி ஆயுளை இழக்கும் என்பது ரீவைண்டிங் கடைக்காரர்களுக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கட்டத்தில் வட்டம் போட்டுக் கேட்க ஓர் ஆள் இருந்தால், தளர்ந்த ஒரு கனெக்ஷனோ எரிந்த ஒரு ஃபியூஸோ அன்றே கிடைத்திருக்கும்.

ஆயுத பூஜையன்று ஒரு சோதனை

இதையெல்லாம் தொடங்க லட்சங்கள் வேண்டுமோ என்று தயங்குபவர்களுக்கு, ஆண்டுக்கு ஒருநாள் தானாகவே ஒரு சோதனைக்கூடம் அமைகிறது. ஆயுத பூஜை. இயந்திரங்கள் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி நிற்கின்றன. ஒரு கதிரும் சுற்றவில்லை. பொரியும் கடலையும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் காதைக் கொடுத்தால் கம்ப்ரசர் அறையில் சத்தம் கேட்கும்.

அதை ஓடவிட்டு ஒரு கடிகாரத்தோடு உட்காருங்கள். காற்றை வாங்க ஆளில்லாத நேரத்தில் அது இரண்டு நிமிடம் சுமை ஏற்றி, எட்டு நிமிடம் சும்மா ஓடினால், பத்தில் இரண்டு பங்கு, அதாவது 20 சதவீதக் காற்று கசிவில் போகிறது. ஆண்டு முழுக்க. மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, 7 பார் அழுத்தத்தில், ஏறத்தாழ 3 கிலோவாட்டைத் தின்னும். 8,000 மணி நேரத்துக்கு அது 24,000 யூனிட். அந்த ஓட்டையை அடைக்க ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் டேப்பும் போதும்.

2001-ல் நாடாளுமன்றம் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றியது. 2012-ல் தொடங்கிய ‘பாட்’ திட்டம், ஜவுளி உட்பட எட்டுத் துறைகளின் பெரிய ஆலைகளுக்குச் சேமிப்பு இலக்கு வைத்தது. சட்டம் பெரிய ஆலைகளைத்தான் பிடிக்கும். நம் ஊர்களில் இருப்பவற்றில் பெரும்பாலானவை நடுத்தர மில்களும் சிறு பட்டறைகளும். அவற்றுக்கு இலக்கு வைக்க வேண்டியவர்கள் அவற்றை நடத்துபவர்களே.

நீங்கள் ஓர் ஆலையை நடத்துபவரோ, அதில் வேலை செய்பவரோ ஆனால், அடுத்த விடுமுறை நாளில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு மெயின் பேனல் முன் போய் நில்லுங்கள். எல்லாம் நின்றிருக்கும்போது மீட்டர் என்ன காட்டுகிறது என்று தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். அது பூஜ்யமாக இருக்காது. அது எங்கே போகிறது என்று தேடத் தொடங்குங்கள்.